காலி லிஃப்டின் எடை

பேஸ்மென்டில் யாரோ லிஃப்டில் ஏறினார்கள். ஏறியவர் எந்த மாடியிலும் இறங்கவில்லை.

சுபாஷிணி இதைக் கவனித்தபோது மணி ஒன்பது ஐம்பது. குடியரசு தினம். டெல்லி ஜனக்புரியின் மீது மூடுபனி நனைந்த போர்வையாய் இறங்கி, ஏழாவது மாடி பால்கனியில் நின்றால் எதிர் பிளாக்கே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தது. மூன்று நாளாகக் காயாத துணிகளின் புழுக்க வாடையும் பக்கத்து வீட்டு ஹீட்டரின் கருகல் வாசனையும் கூடத்தில் கலந்திருந்தன. ஆளில்லாத வீடுகளில் அணைக்க மறந்த டிவிகள் மாடிக்கு மாடி ஏதோ ஒரே குரலில் அணிவகுப்புக்கு முன்னோட்டம் சொல்லிக்கொண்டிருந்தன. மருதம் அபார்ட்மெண்ட்ஸ் மொத்தமும் கொடியேற்றத்துக்குக் கீழே பூங்காவில் இருந்தது. அவள் மட்டும் வேலை இருப்பதாகச் சொல்லி மேலேயே தங்கிவிட்டாள். எட்டு வயது ப்ரீதாவை வெள்ளை ஃபிராக்கில் ஒன்பது மணிக்கே ஜெயராம் வீட்டு மாமியோடு அனுப்பியாகிவிட்டது. கணவன் கிருஷ்ணபிரசாத் ஆபீஸ் வேலையாகக் குவாஹாத்தி போய் நான்கு நாளாகிறது.

சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனில் வரிகள் நகர்ந்தன. லிஃப்ட் எங்கே நிற்கிறது, கதவு என்ன செய்கிறது, உள்ளே எவ்வளவு எடை என்று லிஃப்டின் கன்ட்ரோல் போர்டு சொல்வதை அப்படியே அனுப்பும் கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்றை நேற்றுச் சாயந்தரம்தான் அதில் பொருத்தியிருந்தாள்.

பேஸ்மென்ட். கதவு திறந்தது. எடை 0.

பேஸ்மென்ட். கதவு மூடியது. எடை 48.

பேஸ்மென்டில் யார்? ஜூலை மழையில் தண்ணீர் புகுந்ததிலிருந்து அதற்குப் பூட்டு. சாவி செயலாளர் ஜெயராம் வீட்டு ஆணியில் தொங்குகிறது. பம்ப் பார்க்க வந்த ஆளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு காபியில் இன்னொரு வாய் குடித்தாள். லிஃப்ட் முதல் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தது. எடை 48. மூடியது. எடை 48. அடுத்தது இரண்டாவது மாடி, பிறகு மூன்றாவது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது, சற்று நின்றது, மூடியது. உள்ளே யாரும் பொத்தானை அழுத்தவில்லை, வெளியே யாரும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'அழைப்பு இல்லை' என்றே இருந்தது. ஐந்தாவது மாடியில் மட்டும் கதவு ஒரு நிமிடத்துக்கு மேல் திறந்தே கிடந்தது.

வீட்டு நம்பரை மறந்துவிட்டவர் ஒவ்வொரு மாடியாக எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

சென்சார்தான் கெட்டிருக்கும். குளிரில் அப்படி ஆவதுண்டு. சுபாஷிணி ஒன்பது வருடமாக லிஃப்ட் போர்டு செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள். நாராயணா பகுதித் தொழிற்பேட்டையில் இரும்புப் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிற சின்னக் கம்பெனி அது. பேய்க்குப் பயப்பட அந்த வேலையில் நேரம் கிடைக்காது. ஆனாலும் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

நேற்று அவள் அந்த போர்டில் கை வைத்ததற்குக் காரணம் ஜெயராம். பாங்கில் முப்பது வருடம் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது சொசைட்டியை மேனேஜ் செய்கிறார். லிஃப்ட் ஆளில்லாமலே பேஸ்மென்டுக்குப் போய்ப் பத்து நிமிடம், சில நாள் அரை மணி, கதவைத் திறக்காமல் நிற்கிறது என்று வருடக்கணக்காகப் புகார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் முட்டிவலிக்காரர்கள்.

"உங்க கம்பெனி போர்டும்மா இது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்றேள், நீங்க குடியிருக்கற எடத்துல மட்டும் இப்படி இருந்தா நாலு பேர் என்ன சொல்வா?" என்று படிக்கட்டில் மூச்சு வாங்க நின்று கேட்டிருந்தார்.

நியாயம்தான். ஆனால் அந்த போர்டுக்கான நிரலை எழுதியவர் வேதாந்தம். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், இதே அபார்ட்மெண்டில் ஐந்தாவது மாடியில் குடியிருந்தவர். பத்து வருடத்துக்கு முன்னால் திடீரென்று வேலையை விட்டுவிட்டு, வீட்டை வந்த விலைக்குக் கொடுத்து, மனைவியோடு ஹரித்வார் பக்கம் போய்விட்டார். போகும்போது எழுதிய மூலத்தையும் அழித்துவிட்டுப் போனார். மிஞ்சியது ஒரே ஓர் ஆப்ஜெக்ட் ஃபைல்.

மூலம் என்பது மனிதர் படிக்கிற சமையல் குறிப்பு. கம்பைலர் அதை எந்திரத்துக்கான எண்களாக அரைத்துக் கொடுத்துவிடும். அந்த மாவுதான் ஆப்ஜெக்ட் ஃபைல். மாவைத் தொட்டுப் பார்த்து இதில் எத்தனை பிடி உளுந்து என்று திரும்பச் சொல்கிற வேலை டிஸ்அசெம்ப்ளருடையது. கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளையை அடித்தால் எண்களையெல்லாம் மொட்டையான உத்தரவுகளாக்கி வரிசையாகக் கொட்டும்: எடு, ஒப்பிடு, தாவு, கூப்பிடு. ஏன், எதற்கு என்று மட்டும் சொல்லாது.

கம்பெனியில் அந்த ஃபைலை யாரும் திறந்ததில்லை. ஒவ்வொரு புது போர்டுக்கும் பழைய ஃபோல்டரிலிருந்து காப்பி செய்து ஒட்டிவிடுவார்கள். "உஸ்கோ ஹாத் மத் லகானா", அதில் கை வைக்காதே, என்பதுதான் புதிதாகச் சேர்கிறவருக்குச் சொல்லப்படும் முதல் பாடம். ஓடுகிற வண்டியை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

நேற்று அவள் பிரித்தாள். லிஃப்டைப் பேஸ்மென்டுக்கு அனுப்புகிற ஃபங்ஷனை, அதாவது நிரலின் அந்த ஒரு துண்டைக் கண்டுபிடிக்க அரை மணிகூட ஆகவில்லை. அதைக் கூப்பிடுகிற இடம் ஒன்றே ஒன்று. மூன்று பைட். மூன்றிலும் பூஜ்யம் போட்டாள். அந்த சிப்பின் பாஷையில் பூஜ்யம் என்றால் 'சும்மா இரு' என்று பொருள். போர்டில் ஏற்றிவிட்டுச் சோதித்தாள். சோதனைக்கு இரும்பு எடைக்கட்டிகள் வைக்க வேண்டும் என்பது விதி. கட்டிகள் நாராயணாவில் இருந்ததால் ப்ரீதாவைக் கூப்பிட்டு லிஃப்டின் நடுவில் நிற்கச் சொன்னாள்.

எடை 22. பள்ளிக்கூட ஹெல்த் கார்டில் இருந்த அதே இருபத்திரண்டு.

"மம்மா, நான் பாட் ஆ?" என்று ப்ரீதா சிரித்தாள். பாட் என்றால் இந்தியில் எடைக்கல். டெல்லியில் பிறந்த குழந்தைக்கு இந்தி கலக்காமல் ஒரு வாக்கியம் வராது. இறங்கியதும் எடை 0 ஆனது. எல்லாம் சரியாக இருந்தது. இன்று காலை ஜெயராம் போன் செய்து, லிஃப்ட் வெண்ணெய் மாதிரி ஓடறது என்று வாழ்த்தக்கூடச் செய்தார்.

வாழ்த்தாதவள் வீராயி ஒருத்திதான். எட்டு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வந்தவள், வழக்கம்போல் ஏழு மாடியும் படியேறித்தான் வந்தாள். லிஃப்ட் சரியாகிவிட்டது, ஜெயராம் ஒட்டிய 'வேலைக்காரர்கள் உபயோகிக்கக் கூடாது' நோட்டீஸை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஏறிப் போ என்று சுபாஷிணி சொன்னதற்கு அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நோட்டீசு போன வருசந்தாம்மா ஒட்டுனாங்க. நாங்க அதுக்கு முன்னாடியே ஏறுறதில்ல."

ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். குக்கர் விசில் அடித்ததால் கேட்கவில்லை.

இப்போது அவள் லேப்டாப்பைத் திறந்தாள். அதே கட்டளையை மீண்டும் அடித்தாள். வரிகள் கொட்டின. நேற்று பழுதைத் தேடுகிற அவசரத்தில் பார்த்தவற்றை இன்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கீழே பூங்காவிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் பனியில் ஊறி, யாரோ வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் மேலேறி வந்தது. குழந்தைகளின் நிகழ்ச்சி ஆரம்பித்திருந்தது.

ஃபங்ஷனின் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தாலும் தமிழ்ப் பெயர். கம்பெனியில் மற்ற எல்லாரும் அதை அர்த்தமில்லாத எழுத்துக் குவியல் என்றே நினைத்திருந்தார்கள். இறங்கட்டும். நேற்று அவள் அதைப் பார்த்துவிட்டு, லிஃப்ட் கீழே இறங்கட்டும் என்பதாக்கும் என்று புன்னகைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

உள்ளே மூன்றே காரியம். பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பார். இல்லையென்றால் எடையை எடு. எடையை ஓர் எண்ணோடு ஒப்பிடு.

அங்கேதான் அவள் விரல் நின்றது.

எடையை ஒப்பிடுகிறவர்கள் 'இதற்கு மேல் இருந்தால்' என்று எழுதுவார்கள். அப்படித்தான் எழுத முடியும், ஏனென்றால் எடை ஓர் இடத்தில் நிற்காது, மூச்சு விட்டால்கூட அரை கிலோ ஆடும். வேதாந்தம் அப்படி எழுதவில்லை. 'சரியாக இதுவாக இருந்தால்' என்று எழுதியிருந்தார். முப்பது வருட அனுபவசாலி செய்கிற தவறல்ல அது. அந்த எண் திரையில் 30 என்று இருந்தது, ஆனால் அது எந்திரக் கணக்கு, பதினாறு பதினாறாக எண்ணுகிற கணக்கு. நம் கணக்கில் அது நாற்பத்தெட்டு.

போனைப் பார்த்தாள். ஐந்தாவது மாடி. கதவு திறந்தது. எடை 48. இத்தனை நேரத்தில் ஒரு கிராம்கூட ஆடவில்லை. உள்ளே நிற்பது மூச்சு விடவில்லை.

கீழே மைக்கில் ப்ரீதாவின் குரல் கேட்டது. சொசைட்டித் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றிலிருந்து நூறு வரை தமிழில் எண்ணிக் காட்ட வேண்டும், அவளுடைய முறை அது. ஒரு மாதமாக வீட்டில் இதே பாடுதான். நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. நாற்பத்தேழு. அங்கே வந்ததும் எப்போதும்போல் நாக்கு இந்திக்கு வழுக்கியது.

"அட்தாலீஸ்."

கூட்டம் சிரித்தது. ப்ரீதா பதறாமல் நாற்பத்தொன்பது என்று மேலே போனாள். எப்போதும் அப்படித்தான். நாற்பத்தெட்டு மட்டும் அவள் வாயில் வரவே வராது.

மகளின் குரலைக் கேட்டதும் சுபாஷிணிக்குத் தைரியம் வந்தது. மைக்கில் குரல் இருக்கிறவரை குழந்தை பூங்காவில் இருக்கிறாள், லிஃப்டில் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் அடுத்த ஃபங்ஷனுக்குப் போனாள். முதல் ஃபங்ஷன் மட்டுமே கூப்பிடுகிற, நேற்று எட்டிக்கூடப் பார்க்காத ஃபங்ஷன். அவள் போட்ட மூன்று பூஜ்யங்கள் அதையும் சேர்த்தே ஊமையாக்கியிருந்தன. அதன் பெயர்: ஆள்மாறியதா.

ஒருவர் ஏறும்போது எவ்வளவு எடை கூடியது என்பதைக் குறித்து வை. இறங்கும்போது எவ்வளவு குறைந்தது என்று பார். இரண்டும் ஒன்றானால் விட்டுவிடு. வேறானால் கடைசி வரிக்குத் தாவு. கடைசி வரி: இதே வரிக்குத் தாவு. அதாவது அப்படியே நில், எப்போதும் நில், கதவைத் திறக்காதே.

இருபத்திரண்டு கிலோ ஏறினால் இருபத்திரண்டு கிலோதான் இறங்க வேண்டும். இதை ஒரு மனிதர் ஏன் சரிபார்க்க வேண்டும்? ஏறியது வேறு, இறங்கியது வேறு என்று எங்கே பார்த்தார்?

கம்பெனியின் பழைய லிஸ்டில் அவர் நம்பர் இருந்தது. மூன்றாவது மணியில் எடுத்தார்.

"சார், வணக்கம். என் பேர் சுபாஷிணி. கம்பெனியில உங்களுக்கு அப்புறம் சேர்ந்தேன். மருதம் அபார்ட்மெண்ட்ல ஏழாவது மாடியில இருக்கேன்."

அந்தப் பக்கம் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது. அவர் நடந்து வேறு அறைக்குப் போவது தெரிந்தது. கதவு சாத்தப்பட்டது.

"எதை எடுத்தே?" என்றார்.

"பேஸ்மென்டுக்கு அனுப்பற ஃபங்ஷனை, சார். நேத்து சாயந்தரம். ரொம்பப் புகார் வந்தது, அதனால..."

"நாற்பத்தெட்டு காட்டறதா?"

அவள் எண்ணைச் சொல்லவே இல்லை. "ஆமா," என்றாள்.

"யாராவது தனியா ஏறினாளா?"

"இல்ல. எல்லாரும் கொடியேத்தத்துக்குக் கீழ இருக்காங்க. சார், அது என்ன?"

"அது வைதேஹி. என் ஆம்படையா." குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. "பால் வாங்கப் போனா. லிஃப்ட்ல திரும்பி வந்தா. அதே புடவை, அதே மூக்குத்தி. அன்னிக்கு நான் லிஃப்டைச் சோதிச்சிண்டிருந்தேன். ஏறினது நாற்பத்தெட்டு, இறங்கினது அறுபத்தொண்ணு. சென்சார் கோளாறுன்னு நினைச்சேன். ஆத்துக்குள்ள வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. பத்து வருஷமா எனக்குச் சமைச்சுப் போடறது அந்த அறுபத்தொண்ணு."

"சார்..."

"வைதேஹி உள்ளேயே நின்னுட்டா. அவ வெளியில வரணும்னா அவ எடத்துல இன்னொருத்தர் நிக்கணும். அவளுக்கு அது தெரியும். கீழேயே இறங்கிப் போகட்டும்னு எழுதினேன், அவ போகலை. வைதேஹி ரொம்ப நல்லவம்மா. ஆனா பத்து வருஷம் இருட்டுல நின்னா எவளும் நல்லவளா இருக்க மாட்டா. லிஃப்டை நிறுத்து. முதல்ல நிறுத்து."

கதவு திறக்கிற ஓசை. ஒரு பெண் குரல், சாதாரணக் குரல்: "ஏன்னா, யாரு போன்ல?"

போன் வைக்கப்பட்டது.

நம்பினாளா? நம்பவில்லை. நம்பாமலே எழுந்து ஓடினாள். மெயின் ஸ்விட்ச் மொட்டை மாடி அறையில், பூட்டில். அந்தச் சாவியும் ஜெயராமிடம். அவருக்குப் போன் போட்டாள். அவள் போட்ட போன் பூங்காவின் ஒலிபெருக்கியில் கொர்ரென்று இரைந்தது. "ஒரு நிமிஷம், யாரோ கூப்பிடறா" என்று மைக்கில் சொல்லிவிட்டு ஜெயராம் அதை வெட்டினார். மறுபடி போட்டாள். அணைத்துவிட்டிருந்தார். பால்கனிக்கு ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். வெள்ளைப் பனி அதைப் பஞ்சில் ஒற்றியதுபோல் வாங்கிக்கொண்டது.

"குழந்தைகள்லாம் லட்டு வாங்கிண்டு ஜாக்கிரதையா ஆத்துக்குப் போங்கோ" என்றது ஒலிபெருக்கி. அதோடு அதுவும் அணைந்தது.

செருப்பில்லாமல் படியிறங்கினாள். சிமெண்டுத் தரை ஐஸாகக் குத்தியது. ஒரு கையில் போன், ஒரு கை சுவரில். ஆறாவது மாடி. டிவியில் பேண்டு வாத்தியம். ஐந்தாவது மாடியிலும் அதே வாத்தியம். ஒரு காலத்தில் வேதாந்தம் குடியிருந்த வீட்டுக் கதவைத் தாண்டினாள். லிஃப்ட் அங்கே இல்லை. போனைப் பார்த்தாள்.

தரைத்தளம். கதவு திறந்தது. எடை 48.

நான்காவது மாடி. ப்ரீதா, ஏறாதே. தனியாக ஏறாதே. மாமியோடு வா, யாரோடாவது வா. கூட்டமாக ஏறினால் ஒன்றும் ஆகாதோ என்னவோ. எட்டு வயதுப் பிள்ளை லட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்காகக் காத்திருக்கும்? எல்லாரையும் முந்தி ஓடி வந்து அம்மாவிடம் காட்டத்தான் பார்க்கும். நேற்று அந்த லிஃப்டின் நடுவில் அவளை நிற்க வைத்து, பயமில்லை பார் என்று பழக்கிவிட்டதும் அம்மாதான்.

தரைத்தளம். கதவு மூடியது. எடை 70.

நாற்பத்தெட்டும் இருபத்திரண்டும்.

உள்பொத்தான் 7.

மூன்றாவது மாடிக்கு அவள் குதித்து இறங்கியபோது லிஃப்டின் வெளிச்சம் கதவிலிருந்த ஒற்றைக் கண்ணாடிக் கீற்றில் கீழிருந்து மேலேறிப் போயிற்று. உள்ளே ப்ரீதாவின் குரல். மைக்கில் சொன்னதை மறுபடியும் ஆரம்பத்திலிருந்து, தனக்குத் தானே, படுவேகமாக. முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.

"ப்ரீதா!" கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். வெளிச்சம் போய்விட்டது.

திரும்பி ஏறினாள். இன்னும் நான்கு மாடி. முழங்கால் இடித்தது, நகம் பெயர்ந்தது, எதுவும் உறைக்கவில்லை. நான்காவது மாடி. மேலே, சுவருக்கு அந்தப் பக்கம், எண்கள் இன்னும் கேட்டன. நாற்பத்தைந்து. நாற்பத்தாறு.

ஐந்தாவது மாடி. நாற்பத்தேழு.

பிறகு சத்தமில்லை.

ஆறு. மூச்சு வரவில்லை. கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். ஏழு.

லிஃப்ட் கதவு அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது.

ப்ரீதா நின்றாள். வெள்ளை ஃபிராக். நெஞ்சில் குத்திய காகிதக் கொடி. ஈரப் பனியில் நெற்றியோடு ஒட்டிய முடி. கையில் ஒரு கடி கடித்த லட்டு. குழந்தை முழுசாக இருந்தாள். சுபாஷிணிக்கு அழுகை வந்துவிட்டது. அவளை வெளியே இழுத்து, அப்படியே தரையில் மண்டியிட்டு, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நெய் வாசனை. மகளின் வாசனை. வேதாந்தத்துக்கு மூளை குழம்பிவிட்டது, பாவம், வயசாகிவிட்டது. நாளைக்கே லீவு போட்டு அந்த மூன்று பைட்டையும் பழையபடி வைத்துவிடலாம். எதற்கு வம்பு.

பின்னால் லிஃப்ட் கதவு மூடியது. கையில் போன் மெல்ல அதிர்ந்தது. குழந்தையின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

ஏழாவது மாடி. கதவு மூடியது.

நாற்பத்தெட்டு இருக்க வேண்டும். எப்படியிருந்தாலும் நாற்பத்தெட்டு அங்கேதான் இருக்க வேண்டும்.

எடை 22.

அவள் அந்த எண்ணையே பார்த்தாள். அது மாறவில்லை. ஒரு கிராம்கூட ஆடவில்லை. ஆடவே இல்லை.

"வா" என்று எப்படியோ சொன்னாள். தினமும் செய்கிறபடி மகளின் கக்கத்தில் கை கொடுத்து இடுப்பில் தூக்கப் பார்த்தாள்.

தூக்க முடியவில்லை.

சின்னக் கை. லட்டுப் பிசுபிசுப்பு. அது அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பெரியவர்கள் பிடிக்கிற பிடி.

லிஃப்ட் கீழே இறங்கியது. அழைப்பு இல்லை. ஆறு. ஐந்து. உள்பொத்தான் 7. நான்கு. உள்பொத்தான் 7. மூன்று. உள்பொத்தான் 7, 7, 7, 7. லிஃப்ட் நிற்கவில்லை.

பேஸ்மென்ட்.

கதவிடுக்கின் வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது. அதோடு, ஏழு மாடி ஆழத்திலிருந்து, அழுகையை அடக்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணுகிற ஒரு குரல்.

"நாற்பத்தேழு. அட்தாலீஸ். நாற்பத்தொன்பது."

பக்கத்தில் நின்ற குழந்தை லட்டை இன்னொரு கடி கடித்தது. நிதானமாக மென்றது. ப்ரீதாவின் குரலில்தான் பேசியது.

"நாற்பத்தெட்டு," என்று திருத்தியது. "குளிர்றது. வா, ஆத்துக்குள்ள போலாம்."